330 வாட் சோலார் பேனல் வாங்கி 115 வாட் சார்ஜ் செய்பவர்களுக்கு

பழைய வேனைத் தங்கிப் பயணிக்கும் கேம்பராக மாற்றுகிறவர்களும், காருக்குப் பின்னால் இழுத்துப்போக வெல்டரிடம் சொல்லிச் சின்னதாக ஒரு படுக்கை ட்ரெய்லர் செய்துகொள்கிறவர்களும் வடசென்னையில் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். மாதவரத்தில் வயரிங் வேலை செய்வதால் அந்த வண்டிகளில் சில என்னிடம் வருகின்றன. சோலார் பேனல், பேட்டரி இணைப்பதில் ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே தப்புக் கூத்துகள்தான், வேறு வண்டியில். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பது, லூஸ் கனெக்ஷன் போன்றவற்றை எழுதப்போவதில்லை. ஒருமுறை பொறி பறந்தால் அவை தானாகவே புரிந்துவிடும்.

பெரிய பேனல், தப்பான கன்ட்ரோலர்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. காரணம், எதுவும் எரியாது, எதுவும் உடையாது, கன்ட்ரோலரில் விளக்குகூடப் பச்சையாகத்தான் இருக்கும். காசு மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். கூரைமேல் வீட்டு மாடிகளில் போடுகிற 330 வாட் பேனல். உள்ளே 150 ஆம்பியர்-ஹவர் (அதாவது 15 ஆம்பியரை 10 மணி நேரம் தருகிற அளவு) டியூபுலர் பேட்டரி, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கவனிக்கக் கைக்கடக்கமாக ஒரு கன்ட்ரோலர். பழவேற்காடு பக்கம் குடும்பத்தோடு போனவருக்கு மூன்றாம் இரவு ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. வாங்கி வைத்திருந்த இறால் மொத்தமும் நாறிப்போயிற்று. "அண்ணே, பேட்டரி வீக்குன்னு கடைல சொல்றாங்க. இன்னொண்ணு சேர்த்துப் போட்டுடலாமா?" என்றார்.

பேட்டரியில் தப்பே இல்லை. அந்தப் பேனல் முழு வெயிலில் சுமார் 37.5 வோல்ட்டில் 8.8 ஆம்பியர் தரும். பெருக்கினால் 330 வாட். அவர் வைத்திருந்தது பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர். அது வோல்ட்டை மாற்றித் தராது. பேனலை இழுத்து வந்து பேட்டரியின் 13 வோல்ட்டிலேயே உட்கார வைத்துவிடும். ஆம்பியர் அதே 8.8தான். 13 × 8.8, சுமார் 115 வாட். மிச்சம் எங்கும் சேர்வதில்லை.

எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் அந்த அதிக வோல்ட்டை இறக்கி, அதற்கு ஈடாக ஆம்பியரைக் கூட்டித் தரும். கூரைச் சூட்டில் பேனல் இழப்பதையும் கன்ட்ரோலர் தின்பதையும் கழித்தாலும் 20 ஆம்பியர் அளவுக்கு பேட்டரிக்குள் போகும். சென்னையில் நல்ல நாளில் 5 மணி நேரத்து முழு வெயிலுக்குச் சமமாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். பி.டபிள்யூ.எம்.மில் நாளுக்கு 44 ஆம்பியர்-ஹவர், எம்.பி.பி.டி.யில் 100.

இப்போது செலவைப் பாருங்கள். 45 வாட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் நம் ஊர்ச் சூட்டில் பாதி நேரம் ஓடினாலே ஒரு நாளைக்கு 45 ஆம்பியர்-ஹவர் ஆயிற்று. ஃபேன் ஒரு 20, விளக்கும் போன் சார்ஜும் ஒரு 10. மொத்தம் 75. வருவது 44தான், தினமும் சுமார் 30 குறைகிறது. டியூபுலர் போன்ற லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதால் 150ல் கைக்கு வருவது 75தான். மூன்றாம் இரவு ஃபிரிட்ஜ் நிற்காமல் வேறென்ன செய்யும்?

இந்த நிலையில் இரண்டாவது பேட்டரி போடுவது, குழாயில் தண்ணீர் சொட்டுகிற தெருவில் இன்னொரு டிரம் வாங்கி வைப்பது மாதிரி. முதல் பயணத்தில் சமாளிக்கும். அப்புறம் இரண்டும் அரைகுறையாகவே கிடக்கும். அரைச் சார்ஜில் வாரக்கணக்கில் கிடக்கும் லெட் ஆசிட் தகட்டில் சல்பேட் இறுகிவிடும்; பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு வராது. கடைக்காரர் சொன்ன "வீக் பேட்டரி" அப்போதுதான் நிஜமாகும். விற்கும்போது பேனலின் வோல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லாமல் பேட்டரியைக் குறை சொல்லி இன்னொன்று விற்கிறார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல்.

பெட்டிமேல் எம்.பி.பி.டி. என்று அச்சடித்திருப்பதையும் நம்பாதீர்கள். உள்ளே பி.டபிள்யூ.எம். இருக்கிற பெட்டிகள் நிறைய வருகின்றன. உண்மையான எம்.பி.பி.டி.யில் கம்பி சுற்றிய காயில் இருக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இருக்கும், கையில் எடுத்தாலே கனம் தெரியும். சந்தேகமா? பேட்டரி நிறையாமல் இருக்கும் ஒரு மத்தியானம் வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரைப் பேனல் வயரில் ஒருமுறை, பேட்டரி வயரில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே ஆம்பியர் என்றால் ஏமாந்துவிட்டீர்கள். பேட்டரிப் பக்கம் நன்றாகக் கூடியிருந்தால் சரி. மீட்டர் டி.சி. ஆம்பியர் காட்டுவதாக இருக்க வேண்டும். மலிவான கிளாம்ப் பல ஏ.சி.க்கு மட்டும்தான்.

பி.டபிள்யூ.எம். கெட்ட சாமான் என்று சொல்லவில்லை. 18 வோல்ட் தரும் 36 செல் பேனலோடு, அதாவது கடையில் '12 வோல்ட் பேனல்' என்று கேட்டால் தருவதோடு, அது ஒழுங்காக வேலை செய்யும். சின்ன ட்ரெய்லருக்கு அதுவே போதும். 330 வாட் பேனல்தான் வேண்டுமென்றால் 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. எடுங்கள். பேனலின் திறந்த வோல்ட், அதாவது எதிலும் இணைக்காதபோது காட்டுவது, 46 வரை இருக்கும், அதைக் கன்ட்ரோலர் தாங்க வேண்டும். இரண்டு பேனலை சீரிஸில் போட்டால் 92 ஆகிறது. குளிரில் வோல்ட் இன்னும் ஏறும். கொடைக்கானலில் விடியற்காலை 97ஐத் தொடலாம். 100 வோல்ட் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள், 150 வாங்குங்கள்.

அந்தத் தம்பிக்குப் புதுப் பேட்டரி போடவில்லை. கன்ட்ரோலரை மட்டும் மாற்றினோம்.

பேனலை முதலில் மாட்டுவது

கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது தலைகீழ்.

ஃபியூஸ்

பேட்டரி பிளஸ் முனைக்கு ஒட்டியே. இல்லாமல் வரும் வண்டியை நான் தொடுவதில்லை.

மெல்லிய வயர்

12 வோல்ட்டில் அரை வோல்ட் என்பது பெரிய நஷ்டம். ஃபிரிட்ஜ் 5 மீட்டர் தள்ளி இருந்து 1.5 சதுர மி.மீ. வயர் போட்டால், போக வர 10 மீட்டர். 4 ஆம்பியரிலேயே அரை வோல்ட் காணாமல் போகும். பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே ஃபிரிட்ஜ் கட் ஆகும். 4 சதுர மி.மீ. போடுங்கள். கடலோரம் அதிகம் போகிறவர்கள் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கேட்டு வாங்குங்கள், உப்புக் காற்றில் பச்சை பூக்காது.

இண்டக்ஷன் அடுப்பு

2000 வாட் என்றால் பேட்டரியிலிருந்து 165 ஆம்பியருக்கு மேல். கேஸ் அடுப்பு இருக்கிறதே.

ஓடும் வண்டியிலிருந்து லித்தியம் பேட்டரிக்கு

வெறும் ரிலே சுவிட்ச் போட்டு இணைத்தால், லித்தியம் இழுக்கிற இழுப்பில் வண்டி எஞ்சின் சுழற்றி மின்சாரம் எடுக்கிற ஆல்டர்னேட்டர் கருகும். அந்த இழுப்பை மட்டுப்படுத்த நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும்.

சாம்பல்

எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு மட்டும். அனல்மின் நிலையச் சாம்பல் பேனலில் படிந்து, பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்தால் சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறும். காலையில் பேனல் சூடேறுவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.