ட்வைலைட் மாதிரி ஒரு கதை எழுதப் போகிறீர்களா?

ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' நாவல் 2005இல் வந்தது. பெல்லா என்ற பள்ளி மாணவிக்கும் எட்வர்ட் என்ற ரத்தக்காட்டேரிக்கும் நடுவே நடக்கும் காதல் கதை. நடை சுமார்தான். எட்வர்ட் அழகன், பேரழகன், பளிங்குச் சிலை என்று திரும்பத் திரும்பச் சொல்லி நம்மைக் களைப்படைய வைத்துவிடுவார். ஆனாலும் ஏறக்குறைய 500 பக்கத்தைத் தூக்கம் கெட்டுப் படித்துவிட்டு அடுத்த பாகத்தைத் தேடியவர்கள் ஏராளம். இதைப் பார்த்து, "இதுவே ஓடியதே, அப்புறம் நடை எதற்கு?" என்று எழுத உட்காருகிறவர்கள்தான் முதலில் சறுக்குகிறார்கள். அந்தக் கதை நடையையும் மீறி ஓடியது. எதனால் ஓடியது என்று பார்க்க வேண்டாமா?

உயிரியல் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்க்ஸ் ஊருக்குப் புதிதாக வந்த பெல்லா, எட்வர்டின் பக்கத்தில் உட்காருகிறாள். அவன் நாற்காலியின் ஓரத்துக்கே நகர்ந்து, முகத்தைத் திருப்பி, முஷ்டியை இறுக்கிக்கொள்கிறான். கண்கள் கன்னங்கரேல். தன்மேல்தான் ஏதோ வாடையோ என்று அவள் தன் கூந்தலை முகர்ந்து பார்க்கிறாள். மணி அடித்ததும் அவன் பறந்துவிடுகிறான். பிறகு சில நாள் ஆளையே காணோம். திரும்பி வரும்போது கண்கள் தேன் நிறம். "காண்டாக்ட் லென்ஸ் போட்டாயா?" என்று கேட்கிறாள். இல்லை என்கிறான். அவ்வளவுதான்.

அவனுக்குப் பசி, அவளுடைய ரத்த வாசனை அவனை வதைக்கிறது என்று ஒரு வரி அங்கே இல்லை. பார்த்து எழுதுகிறவர்களோ முதல் அத்தியாயத்திலேயே நாயகனின் வயது, குலம், சாபம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, மிச்ச இடத்தை வர்ணனையால் நிரப்புகிறார்கள். அழகை ஒரு தடவை சொன்னால் போதும். மறைத்து வைக்க வேண்டியதை மறைத்து வையுங்கள்.

வில்லன் விஷயத்தில் மேயரைப் பின்பற்றவே வேண்டாம். 24 அத்தியாயம் உள்ள நாவலில் ஜேம்ஸ் நேரில் வருவது 18ஆவதில்தான். சரி, வந்தானே என்றால், அவனைக் கொல்லும் நேரத்தில் கதை சொல்லும் பெல்லா மயங்கிக் கிடக்கிறாள்! நமக்கு எதுவுமே கண்ணில் படாது. கதாநாயகியே கதை சொல்கிறாள் என்றால் முக்கியமான கட்டத்தில் அவள் விழித்திருக்க வேண்டும்.

மேயரின் ரத்தக்காட்டேரிகள் வெயில் பட்டால் சாவதில்லை, மினுங்குகிறார்கள். வெயிலில் மினுங்கும் ரத்தக்காட்டேரியா என்று கேலி செய்வதும் எளிது. பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவே (1897) பகலில் நடமாடியவன்தான். வெயில் பட்டால் சாவு என்பது 1922இல் 'நோஸ்ஃபெராடு' படம் கொண்டுவந்தது. விதியை மாற்றுவதில் தப்பில்லை. மினுங்கினால் மாட்டிக்கொள்வார்கள் என்பதால் எட்வர்டின் கல்லன் குடும்பம் மழையும் மேகமுமாக இருக்கும் ஊரில் வாழ்கிறது. அது நல்ல யோசனை. மாற்றிய விதியால் பாத்திரத்துக்கு ஒரு சங்கடமும் இல்லையென்றால்தான் அது வெறும் அலங்காரம்.

கடைசியாக, இரவில் எட்வர்ட் பெல்லாவுக்குத் தெரியாமல் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. எட்வர்ட் 1901இல் பிறந்தவன், அவளுக்கு 17. இதைக் காதல் என்று அப்படியே எடுத்து எழுதாதீர்கள். அவள் பாதியில் விழித்து, "இனி வராதே" என்று சொல்லி ஜன்னலைத் தாழிட்டால் அவன் என்ன செய்வான்? அதை எழுதிப் பாருங்கள்.