கள ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவாரூர்ப் பக்கம் போன எம்.ஏ. மாணவர்கள் போன வாரம், ஊராரிடம் கேட்டு நிரப்பிய வினாத்தாள் கட்டோடு வந்தார்கள். இரண்டே நாளில் 60 பேரிடம் கேட்டு முடித்திருந்தார்கள். எங்கே வைத்துக் கேட்டீர்கள் என்றேன். "பெரியவர் வீட்டுல சார், அவரே எல்லாரையும் வரச் சொல்லிட்டார்." எனக்குப் பகீரென்றது. 20 வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு.

அடுத்தவர் திண்ணையில் பேட்டி

மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமம். மிராசுதார் வீட்டுத் திண்ணையில் எனக்கு நாற்காலி, டம்ளரில் காபி. நடவு ஆட்கள் வாசலில் நின்றபடி பதில் சொன்னார்கள். நாள் கூலி எவ்வளவு? எல்லாத் தாளிலும் ஒரே தொகை. கூலி பாக்கி? ஒருவருக்கும் இல்லை. சொல்லும்போது அவர்கள் கண் என் மேல் இல்லை. எனக்குப் பின்னால் சாய்வு நாற்காலியில் இருந்தவர் மேல். பார்த்தேன், குறிப்பேட்டில் எழுதவில்லை. மறுவாரம் வரப்பில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நடவுக்கார அம்மா சொன்னார்: "அங்க வச்சுக் கேட்டா வேற என்னத்த தம்பி சொல்றது?" நான் நிரப்பிய தாள் அத்தனையும் வீண். இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

வினாத்தாளின் பலம் எண்ணிக்கை. பல பேரை ஒரே அளவுகோலில் ஒப்பிடலாம். ஆனால் பயந்து சொன்ன பதிலும் அதில் ஒரு எண்ணாகத்தான் விழும். ஊரிலேயே தங்கிப் பார்த்தால் அந்தப் பயம் தெரியும். அதற்கும் எல்லை உண்டு. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அக்ரகாரத்தில் தங்கி ஆய்வு செய்தார். அதனாலேயே சேரிக்குள் தாராளமாகப் பழக முடியவில்லை என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். நீங்களும் எழுதுங்கள்: யார் அழைத்துப் போனார், எங்கே உட்கார்ந்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்.

"நிலம் உண்டா, இல்லையா?"

காவிரி டெல்டாவில் இந்தக் கேள்வி செல்லாது. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் எதில் டிக் அடிப்பார்? சொந்தம், குத்தகை, வாரம் (விளைச்சலில் பங்கு) என்று பிரித்துக் கேளுங்கள்.

அளவு

அங்கே நிலத்தை மா என்ற அளவில் சொல்வார்கள். ஏறக்குறைய 3 மா ஒரு ஏக்கர். விவசாயி மா கணக்கில் சொல்வதை ஏக்கர் என்று எழுதிவிடாதீர்கள்.

நேரம்

குறுவை நடவில் பகலில் போனால் வீட்டில் கிழவர்கள்தான் இருப்பார்கள். பொழுது சாய்ந்தபின் போங்கள்.

செல்போன் பதிவு

பேசுபவரிடம் சம்மதம் கேட்டுவிட்டுப் பதிவை அழுத்துங்கள்.