மஞ்சள் விழுந்த வயலுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் எதற்கு? துங்ரோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா நட்ட சில வாரத்தில் வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாகி, இலை நுனியிலிருந்து மஞ்சளும் ஆரஞ்சுமாக நிறம் இறங்கினால், டெல்டாவில் பலரும் நேரே போவது மருந்துக் கடைக்குத்தான். "எதுக்கும் ஒரு பாக்கெட் அடிச்சுப் பாருங்க மாமா" என்று பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக்கான ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த பொடி கைக்கு வந்துவிடும். துங்ரோ என்ற இந்த நெல் வைரஸ் நோய் விஷயத்தில் காசைக் கரியாக்கும் முதல் தவறு இது.

அது ஏன் பலிக்காது என்பதைப் புரிந்துகொள்ள, கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் ஆய்வு உதவும். செல்லுக்குள் புரதம் தயாராகும் இடம் ரைபோசோம். டிஎன்ஏவில் உள்ள செய்தியை ஆர்என்ஏ கொண்டுவர, ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கிறது. பாக்டீரியா ரைபோசோமின் சிறிய துண்டான 30எஸ்ஸின் அமைப்பை அவருடைய குழு 2000இல் அணு அணுவாக வெளியிட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் அதில் எந்த இடத்தில் போய் ஒட்டிப் பாக்டீரியாவின் புரத வேலையைக் கெடுக்கிறது என்பதையும் காட்டியது. தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோரோடு 2009இல் வேதியியல் நோபல் கிடைத்தது இந்த ரைபோசோம் வேலைக்குத்தான்.

சரி, வைரஸுக்கு ரைபோசோமே கிடையாதே! குத்தகைகூடக் கொடுக்காமல் அடுத்தவர் வயலில், அடுத்தவர் ஆளையும் மாட்டையும் வைத்தே சாகுபடி செய்கிற ஆள் அது. நெல்லின் ரைபோசோமிலேயே தன் புரதத்தைச் செய்துகொள்கிறது. நெல் செல்லின் ரைபோசோம் வேறு அமைப்பு, 80எஸ். ஸ்ட்ரெப்டோமைசின் குறிவைப்பது அதை அல்ல. ஆனால் பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்துக்குள் உள்ள ரைபோசோம் பாக்டீரியாவின் சாயலில் இருப்பது. அங்கே ஒட்டும். அளவு மிஞ்சினால் இலை இன்னும் வெளுக்கும். மஞ்சளைப் போக்க அடித்த மருந்தே மஞ்சளைக் கூட்டும். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கி விழுங்குகிறோமே, அதிலும் இதே கோளாறுதான்.

துங்ரோவை ஒரே வைரஸ் என்று நினைப்பது அடுத்த தவறு. உருண்டையாக ஒன்று, அது ஆர்என்ஏ வைரஸ். குச்சியாக ஒன்று, அது டிஎன்ஏ வைரஸ். பயிரைக் கெடுப்பதில் பெரும்பங்கு குச்சிக்கு. ஆனால் பச்சைத் தத்துப்பூச்சி வழியாகப் பரவ அதற்கு உருண்டையின் துணை வேண்டும். உருண்டை மட்டும் தொற்றிய பயிர் கிட்டத்தட்ட நன்றாகவே நிற்கும். அதனால் பச்சையாக இருக்கிறதே என்று நம்பிவிட முடியாது. டிஎன்ஏ வைரஸ் என்பதால் குச்சிக்கு ஆர்என்ஏ வேண்டாம் என்றும் எண்ணக் கூடாது. அது ஆர்என்ஏவாக மாறி, அந்த ஆர்என்ஏவிலிருந்து மறுபடி டிஎன்ஏ செய்துதான் பெருகுகிறது. அந்த ஆர்என்ஏவின் தொடக்கத்தில் சுமார் 700 எழுத்து நீளத்துக்கு ஒரு முன்பகுதி இருக்கிறது. ரைபோசோம் அதில் பெரும்பகுதியைப் படிக்காமல் தாண்டிக் குதித்து, வழக்கமான தொடக்கக் குறியான ஏயூஜி என்ற மூன்றெழுத்துக்குப் பதிலாக ஏயூயூவில் முதல் புரதத்தைத் தொடங்குகிறது. திருட்டிலும் இப்படி ஒரு நேக்கு!

அப்புறம் யூரியா. தழைச்சத்துக் குறை என்றால் வயல் முழுக்க ஒரே சீராக, அடி இலையில் தொடங்கி வெளுக்கும். துங்ரோ திட்டாக வரும். அதற்கு யூரியாவைக் கூட்டினால் விருந்து தத்துப்பூச்சிக்குத்தான். சந்தேகமாக இருந்தால் காலை ஆறு மணிக்குள் இலை நுனியைப் பத்து சென்டிமீட்டர் வெட்டி, 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அயோடினும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடும் கரைத்த கரைசலில், வெட்டிய முனை முங்கும்படி கால் மணி நேரம் வையுங்கள். கருநீலக் கோடு ஓடினால் துங்ரோவாக இருக்க வாய்ப்பு அதிகம். நோய் கண்ட இலையில் மாவுச்சத்து இராத்திரியிலும் வடியாமல் தேங்கி நிற்பதுதான் காரணம்.

மஞ்சளான பிறகு பூச்சிமருந்து அடித்தாலும் அந்தப் பயிர் மீளாது. பக்கத்துப் பயிருக்குப் பரவுவது வேண்டுமானால் குறையும். பூச்சியைப் பார்க்க வேண்டிய இடம் நாற்றங்கால். இந்த வைரஸ்கள் தத்துப்பூச்சியின் உடம்பில் பெருகுவதில்லை, முட்டை வழியாகவும் போவதில்லை. சில நாளில் தீர்ந்துவிடும். பூச்சி மறுபடி நோயுள்ள பயிரைத் தேடி உறிஞ்ச வேண்டும். குறுவைத் தாளில் துளிர்க்கும் மறுதாம்பு அதற்கு வசதியாகக் கிடைக்கிறது. அதை மடக்கி உழாமல் பக்கத்திலேயே சம்பாவுக்கு நாற்று விடாதீர்கள். தெருவிளக்கு ஓரத்திலும் வேண்டாம், வெளிச்சத்துக்குத் தத்துப்பூச்சி கூட்டமாக வந்து இறங்கும்.