விக்டோரியாவில் தங்கம் தேடப் போகும் முன் நிலத்தைப் பார்ப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், டனோலி என்ற ஊருக்கு வெளியே ஓர் ஓடைச்சரிவில் மூன்றாவது குழியை மூடிக்கொண்டிருந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கி வந்தார். “இது சுரங்க உரிமம் உள்ள இடம், எங்களிடம் கேட்காமல் தேடக் கூடாது” என்று தன்மையாகவே சொன்னார். என் பையில் மைனர்ஸ் ரைட், அதாவது தங்கம் தேட அரசு தரும் அனுமதிச் சீட்டு, இருந்தது. சுற்றிலும் வேலியும் இல்லை, பலகையும் இல்லை. ஆனாலும் அவர் சொன்னதுதான் சட்டம். அன்று வெறுங்கையோடு மெல்பர்ன் திரும்பினேன். இப்போது வீட்டை விட்டுக் கிளம்பும் முன் நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன். மெட்டல் டிடெக்டரை எப்படி ஆட்டுவது என்பதெல்லாம் இதில் வராது.

படி 1: மைனர்ஸ் ரைட்

இணையத்திலேயே எடுக்கலாம். 10 வருடம் செல்லும். உங்கள் பெயரில் இருப்பதை வேறொருவர் வைத்துக்கொண்டு தேட முடியாது. விக்டோரியாவுக்கு மட்டும்தான் இது. எல்லை தாண்டினால் அந்த மாநிலத்துச் சட்டம் வேறு. கிடைக்கும் தங்கம் எவ்வளவு பெரிதானாலும் உங்களுக்கே. 1980இல் கிங்கோவரில் மெட்டல் டிடெக்டரால் கிடைத்த ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ கட்டி 27 கிலோவுக்கு மேல்!

இந்தச் சீட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் தாங்காமல் பாலரட் ஊர்த் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் கொதித்தார்கள். 1854 டிசம்பரில் அங்கே யுரேகா என்ற இடத்தில் அரசுப் படையோடு மோதி ரத்தம் சிந்தினார்கள். அடுத்த வருடமே, வருடத்துக்கு ஒரு பவுண்டு என்று மைனர்ஸ் ரைட் வந்தது. பையில் வைக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

படி 2: நிலம் யாருடையது?

நம்மூரில் பட்டா, புறம்போக்கு என்று பார்ப்போமே, அதே கணக்குதான். தனியார் நிலம் என்றால் உரிமையாளரோ அனுபவிப்பவரோ சம்மதிக்க வேண்டும். அரசு நிலம், அதிலும் ஸ்டேட் ஃபாரஸ்ட் என்றால் பெரும்பாலும் தேடலாம். தேசியப் பூங்கா என்றால் கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பென்டிகோ, காசில்மெய்ன் பக்கத்துப் பூங்காக்கள் போன்ற சிலவற்றில் மட்டும் சில பகுதிகளைக் குறித்துத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அந்த வரைபடத்தை இறக்கிக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்; காட்டுக்குள் சிக்னல் இருக்காது.

படி 3: உரிமங்கள். நான் தடுக்கி விழுந்த இடம்

ஜியோவிக் என்ற அரசு வரைபடத் தளத்தைத் திறங்கள். கைபேசியில் வேண்டாம், கம்ப்யூட்டரில் திறங்கள். போக நினைக்கும் இடத்தைப் பெரிதாக்கிவிட்டு, நடப்பு உரிமங்களைக் காட்டும் அடுக்குகளை நீங்களே தேர்ந்தெடுத்துப் போடுங்கள். நான் அன்று அதைப் போடவில்லை. வெறும் காட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அடுக்கைப் போட்டதும் வேறொரு பயம் வரும். தங்கம் கிடைக்கும் ஊர்கள் முழுக்க ஏதோ ஓர் உரிமத்துக்குள் கிடப்பது போலத் தெரியும். எல்லாம் மூடிக்கிடக்கிறது என்று மனம் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் சொடுக்கி, உரிம எண்ணின் முன்னால் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள்.

‘ஈ.எல்.’ என்று தொடங்கினால் அது ஆய்வு உரிமம். பெரிய பெரிய பரப்பாக இருக்கும். மைனர்ஸ் ரைட் வைத்திருப்பவர் அதற்குள் தேடலாம். ‘எம்.ஐ.என்.’ என்றால் சுரங்க உரிமம். உரிமம் வைத்திருப்பவர் சம்மதம் இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள். ‘பி.எல்.’ சிறிய தேடல் உரிமம். அதற்கும் சம்மதம் வேண்டும். இது 5 ஹெக்டேருக்கு மேல் போகாது, அதனால் நன்றாகப் பெரிதாக்கினால்தான் கண்ணில் படும். என்னைத் திருப்பி அனுப்பியது ஓர் ‘எம்.ஐ.என்.’ கட்டம். நான் நின்ற இடத்திலிருந்து இருநூறு அடி தள்ளிப் போயிருந்தால் தாராளமாகத் தேடியிருக்கலாம்.

உரிமங்கள் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் பார்த்ததை நம்பாமல், கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள்.

படி 4: இடத்துக்குப் போன பிறகு

தோண்டக் கைக்கருவிகள் மட்டும்தான். வெடி, இயந்திரம் எதுவும் கூடாது. மரத்தையோ புதரையோ சேதப்படுத்தக் கூடாது. வேருக்கு நடுவே டிடெக்டர் சத்தம் கொடுத்தால் விட்டுவிட்டு வாருங்கள். பட்டை உரித்த பழைய தழும்புள்ள மரம், கல் கருவிச் சில்லுகள் மாதிரி பூர்வகுடி மக்களின் தடங்கள் இருந்தால் அங்கே கை வைக்கவே கூடாது. பழைய சுரங்கக் குடிசைகளின் இடிபாடுகளுக்கும் இதே மரியாதை வேண்டும்.

குழியை உடனே மூடுங்கள். நான் மேல்மண்ணை ஒரு பக்கம், அடியில் வரும் செம்மண்ணை ஒரு பக்கம் குவிப்பேன். செம்மண் முதலில் உள்ளே போகும். மேல்மண்ணைப் பரப்பி, காலால் மிதித்து, மேலே உதிர்ந்த இலையைத் தூவுவேன். துரு ஏறிய ஆணி ஒன்றுக்காகத் தோண்டிய குழியானாலும் இதுதான் முறை. திறந்து கிடக்கும் குழியில் கங்காருவின் கால் சிக்கினால் ஒடிந்துவிடும்.

கருவி பற்றி ஒரு வார்த்தை: இங்கே மண்ணில் இரும்பு அதிகம். வி.எல்.எஃப். எனப்படும் சாதாரண வகை டிடெக்டர் ஓயாமல் கத்தும். கொஞ்சம் காசு சேர்த்துப் இப்படிப்பட்ட மண்ணைத் தாங்கும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகை வாங்குவதே நல்லது. அடிலெய்டில் பிறந்த மைன்லேப் நிறுவனத்தின் எஸ்.டி.சி. 2300தான் என் கையில் இருக்கிறது. குழிக்குள் உலோகம் சரியாக எங்கே என்று காட்டும், குச்சி மாதிரியான பின்பாயிண்டர் இல்லாமல் போகவே மாட்டேன். அது இருந்தால் குழி பாதியாகிவிடும்.

பின்சேர்க்கை: “நிலத்துக்காரர் வாயால் சரி என்றாரே, போதாதா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். நிலத்துக்காரர் ஊரில் இல்லாத நாளில் அவருடைய மகன் வந்து இவரை விரட்டிவிட்டாராம். எழுதி வாங்கிவிடுங்கள் அக்கா. தேதி, எந்தத் துண்டு நிலம், எந்த வாசல் வழியாகப் போகலாம், நிலத்துக்காரர் கையெழுத்து, அவ்வளவுதான். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: மூடியிருந்த கேட்டை மூட வேண்டும், திறந்திருந்ததைத் திறந்தே விட வேண்டும், ஆடுகள் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.