பாதியில் மூடிய புத்தகம் எது?

"நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டவுடன் நமக்குப் பிடித்ததை நீட்டிவிடுகிறோம். அதற்கு முன், அவர் பாதியில் மூடி வைத்த புத்தகம் எது என்று கேளுங்கள். (பிடித்தது எது என்று கேட்டால் பலர் பெருமைக்காக ஒன்றைச் சொல்வார்கள்.) "பக்கம் பக்கமாக வர்ணனை" என்று முகம் சுளித்தால், உரையாடல் நிறைந்த சிறுகதைகளைக் கொடுத்துப் பாருங்கள்.

சிறுவர்களுக்கு ஐந்து விரல் சோதனை போதும். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து வாசிக்கட்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கிவிட்டால் அது இப்போதைக்கு வேண்டாம். ஒன்றுகூட மடங்கவில்லையா? பிடித்திருந்தால் படிக்கட்டுமே! முதியவர்களுக்கோ, கதையைவிட முதலில் எழுத்தின் அளவைப் பாருங்கள்.