வேல்ஷ் பெயரைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

மொரீஷியஸில் முத்து என்ற பெயரை 'எம்-ஓ-யு-டி-ஓ-யு' என்று எழுதிப் பழகியவர்களுக்கு, எழுத்தும் ஒலியும் ஒட்டாதது புதிதல்ல. அறிவியல் புனைகதையில் வேல்ஷ் (பிரிட்டனின் வேல்ஸ் பகுதி மொழி) பெயர் வந்தால் முதலில் ஒலியைப் பிடியுங்கள். ஒற்றை 'எஃப்' வகரம், இரட்டித்தால்தான் ஃபகரம்.

பிறகு பகுதிகளைப் பிரியுங்கள். செரென் விண்மீன்; விண்வெளிக் கதையில் இது ஒளிந்திருக்கும் பொருளே அல்ல! பிரான் அண்டங்காக்கை; க்வென் வெண்மை, அருள்பெற்றவள் என்றும் ஆகும்.

அகராதியில் சொல் சிக்கவில்லையா? முதலெழுத்து திரிந்திருக்கும். தமிழில் சொற்கள் புணரும்போது எழுத்து திரிவது போலத்தான், ஆனால் சொல்லின் தலையில். 'எஃப்' இருந்தால் 'பி', 'எம்' இரண்டையும் போட்டுத் தேடுங்கள். சில இடங்களில் 'ஜி' (ககர ஒலி) விழுந்தே போகும்: பிரானும் க்வென்னும் சேர்ந்து பிரான்வென், வெண்காகம் என்பது வழக்கமான விளக்கம்.

குடும்பப்பெயரில் 'ஆப்' என்றால் மகன். ஆப் ரீஸ் தேய்ந்து பிரைஸ் ஆனது. விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.