ஐப்பசி, கார்த்திகையில் கொழும்பில் வண்ணத்துப்பூச்சி பார்ப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

குளிர்நாடுகளில் இலையுதிரும் மாதங்களில் கொழும்பில் மழை கொட்டும். ஒக்டோபரும் நவம்பரும் நமக்கு இரண்டாவது இடைப்பருவ மழைக்காலம். காலையில் பளீரென்று வெயில் அடிக்கும்; மத்தியானம் தாண்டினால் வானம் கறுத்து, இடிமின்னலோடு மழை இறங்கும். இந்த மழைக்குச் செடிகள் தளிர்விடும். முட்டையிட வரும் பெண் வண்ணத்துப்பூச்சிகள் தேடுவது அந்தத் தளிரைத்தான். அதனால் புதிதாகப் பழகுபவர்களுக்கு வருடத்தில் கிடைக்கும் நல்ல காலங்களில் இதுவும் ஒன்று.

இலங்கையில் சுமார் 250 இனங்கள் உள்ளன. எல்லாவற்றையும் படித்துவிட்டு வெளியே இறங்க வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டு வளவுக்கு வந்துபோகும் பதினைந்து இனங்களைத் தயக்கமில்லாமல் பெயர் சொல்லப் பழகினால், அடுத்தவை வேகமாகப் பிடிபடும்.

பழகும்போது ஓர் ஒழுங்கைக் கைவிடாதீர்கள்: எந்தச் செடியில் நிற்கிறது, எப்படிப் பறக்கிறது, உடம்பு எப்படி, இறக்கையின் கீழ்ப்பக்கம் எப்படி. இந்த நான்கையும் பார்த்த பிறகு நிறத்துக்கு வாருங்கள். நிறத்தில் தொடங்குபவர்கள்தான் அதிகம் பிழைவிடுகிறார்கள். ஏன் என்பது ஆறாம் படியில் தெளிவாகும்.

படி 1: கையில் என்ன வேண்டும்?

போன் கமரா, சிறிய குறிப்புப் புத்தகம், பென்சில், குடை. பென்சில் ஏனென்றால் ஈரத் தாளிலும் எழுதும். தொலைநோக்கி இருந்தால் நல்லது. ஆனால் பறவை பார்க்கும் தொலைநோக்கிகள் பலவற்றில் மூன்று நான்கு மீற்றருக்குள் இருப்பது தெளிவாகத் தெரியாது. வாங்குவதென்றால் 8 மடங்கு பெரிதாக்கும், 2 மீற்றர் தூரத்திலும் தெளிவாகக் காட்டும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நீளக் கைச் சட்டை போட்டு நுளம்பு மருந்து பூசிக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக் கொழும்பில் டெங்கு பயம் உண்டு.

வலை வேண்டாம். இறக்கையின் செதில் உதிர்ந்தால் திரும்ப வளராது. தவிரவும், பல இனங்கள் இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

படி 2: நேரம்

காலை 8.30 முதல் 11.30 வரை. வண்ணத்துப்பூச்சி நன்றாகப் பறக்க அதன் நெஞ்சுத் தசை சுமார் 30 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும். முதல் நாள் இரவு மழை பெய்திருந்தால் காலையில் இலைமேல் இறக்கையை விரித்துக்கொண்டு வெயில் காயும். அந்த அரை மணித்தியாலந்தான் படம் எடுக்க மிக வசதி. பதினொன்றரைக்குப் பிறகு பெரியவை நிழலுக்குப் போய்விடும், பின்னேரம் மழை. முழுநாளும் மூடிக்கிடந்தால் போகவே தேவையில்லை.

படி 3: பூவை விடச் செடியைத் தேடுங்கள்

ஒரே பூவில் தேன் குடிக்கப் பல இனங்கள் வரும். முட்டையிடும் செடியோ ஒவ்வோர் இனத்துக்கும் கிட்டத்தட்டக் குறித்துவைத்தது. செடியின் பெயர் தெரிந்தாலே பாதி அடையாளம் முடிந்துவிடும்.

கறிவேப்பிலை, தேசி: கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி. எருக்கலை: வெந்தய வரியன். அலரி: வெண்புள்ளிக் கருப்பன். பள்ளிக்கூட மதில் ஓரங்களில் நிற்கும் நெட்டிலிங்கமும் அன்னமுன்னாவும்: பச்சைப் புள்ளிகளுள்ள டெயில்ட் ஜே. கொன்றை: எமிகிரன்ட் எனப்படும் வெளிர்மஞ்சள் இனங்கள். கொடித்தோடை இனக் கொடிகள்: செம்மஞ்சள் நிறத்தில் மெதுவாக மிதக்கும் டோனி கோஸ்டர். ஆமணக்கு: கோமன் காஸ்டர். அழகுக்கு வைத்த சைக்கஸ் செடி புதுக்குருத்து விட்டால் பிளேன்ஸ் கியூப்பிட் என்ற சின்ன நீலப்பூச்சி வரும். குருத்தில் எறும்பு மொய்த்தால் அங்கே அதன் புழு இருக்கிறதா என்று பாருங்கள். மாமரக் கிளையில் குருவிச்சை பிடித்திருந்தால் அண்ணாந்து பாருங்கள், ஜெசபெல் அங்கே சுற்றும்.

வளவு இல்லாத மாடிவீட்டுக்காரர் பல்கணியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றைச் சாடியில் வைத்தாலே போதும். மருந்து அடித்த செடியில் ஒன்றும் தங்காது.

வெளியே போவதென்றால் தொடங்க விகாரமகாதேவி பூங்கா போதும். பழகியபின் கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கோ தலவத்துகொடவிலுள்ள தியசரு பூங்காவுக்கோ போங்கள். 2018இல் ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் கொழும்பு ஈரநில நகரமாக ஏற்கப்பட்டதற்குக் காரணமான சதுப்புநிலங்களின் அருமை அங்கே தெரியும். தண்ணீர்க்கரை நீர்முள்ளிச் செடியைச் சுற்றி கிரே பான்சி எனப்படும் சாம்பல் வசீகரன் கிடைக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரையோரப் புதர்களும் நல்லவைதான். தண்டவாளத்தில் மட்டும் இறங்கி நிற்காதீர்கள்.

படி 4: கிட்டப் போவது

கண்டவுடன் ஓட வேண்டாம். முதலில் நின்ற இடத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவிடுங்கள். மங்கலாக இருந்தாலும் பறந்துபோன பிறகு அதுதான் சாட்சி. பிறகு குனிந்து, கையை ஆட்டாமல், இரண்டு எட்டு வைத்து நின்று, மறுபடி இரண்டு எட்டு. உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. நிழல் விழுந்தால் பறந்துவிடும். அநேகமானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

போனில் 2 மடங்கு சூம் வைத்து 40 சென்ரிமீற்றரில் எடுப்பது, சூம் இல்லாமல் மூக்கை நுழைப்பதை விடச் சுலபம். கமராவென்றால் ஷட்டர் வேகம் 1/800க்குக் குறைய வேண்டாம். டெயில்ட் ஜேயும் கறிவேப்பிலை அழகியும் தேன் குடிக்கும்போதும் இறக்கையை அடித்துக்கொண்டே இருக்கும். வேகம் குறைந்தால் புகைமூட்டந்தான் வரும்.

இறக்கை விரித்த நிலையில் ஒன்று, மூடிய நிலையில் ஒன்று, உடம்பு தெரியப் பக்கவாட்டில் ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் எவரிடமும் கேட்டு உறுதிப்படுத்தலாம். மேற்பக்கப் படம் மட்டும் இருந்தால் பலமுறை முடிவு சொல்ல இயலாது. ஜெசபெல் மேலே வெறும் வெள்ளையில் கறுப்பு நரம்பு. கீழே மஞ்சளும் சிவப்பும். பக்கம் மாறினால் வேறு பூச்சி என்றே நினைப்பீர்கள்.

படி 5: குடும்பத்தைப் பிரிப்பது

முதலில் அந்துப்பூச்சியா என்று பாருங்கள். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தீக்குச்சித் தலைபோலத் தடித்திருக்கும். பகலில் பூவின்முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் தடித்த பூச்சி அநேகமாக அந்துப்பூச்சி.

கையளவு பெரிதாக, பின்னிறக்கையில் பெரும்பாலும் வாலோடு இருப்பவை அழகிகள். வெள்ளையும் மஞ்சளுமாக நடுத்தர அளவில் இருப்பவை எமிகிரன்ட், ஜெசபெல், கிராஸ் யெலோ குடும்பம். தரைக்கு ஓர் அடி மேலே களைத்ததுபோலத் தத்தளிக்கும் சின்ன வெள்ளையும், சைக்கி என்பது, இதைச் சேர்ந்ததே. நான்கு காலில் நிற்பதுபோலத் தெரிந்தால் வரியன், கருப்பன், வசீகரன் குடும்பம்: முன்கால் இரண்டும் சுருங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். நகத்தளவு நீலமும் சாம்பலுமானவை நீலன்கள். அவற்றிற் சில பின்னிறக்கை நுனியில் மெல்லிய வாலும் கண்போன்ற புள்ளியும் வைத்திருக்கும். அமர்ந்ததும் பின்னிறக்கைகளை மேலும் கீழும் உரசி அந்த வாலை உணர்கொம்புபோல அசைக்கும். எதிரி பொய்த்தலையைக் கொத்தும், உயிர் தப்பும். வால் பக்கம் மட்டும் பிய்ந்துபோன நீலனைக் கண்டால் நடந்தது அதுவாக இருக்கலாம். ஐந்தாவது ஸ்கிப்பர்: தடித்த உடம்பு, கொக்கிபோல வளைந்த உணர்கொம்பு, விசுக்கென்ற பறப்பு. இவற்றில் இனம் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே கடினம். ‘ஸ்கிப்பர்’ என்று மட்டும் எழுதிவிட்டு நகருங்கள்.

படி 6: வேடக்காரரைப் பிரிப்பது

கறிவேப்பிலை மரத்தடியில் பத்து நிமிடம் நின்றால் இந்தப் பாடம் முழுவதும் விளங்கும். கறிவேப்பிலை அழகியின் ஆண் கறுப்பு. பின்னிறக்கையின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் ஒரு பட்டியாக ஓடும். பெண் மூன்று தோற்றங்களில் வரும். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்றது பின்னிறக்கை நடுவில் வெள்ளைத் திட்டோடு ரோசா அழகி என்ற வேறோர் இனத்தைப் போல. மூன்றாவது, சிவப்புப் புள்ளிகளும் முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டையுமாகச் சிவப்புடல் அழகி என்ற இன்னோர் இனத்தைப் போல. ரோசா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் உடம்பில் நஞ்சு உண்டு; தின்ற பறவை மறுபடி தொடாது. அந்த மரியாதையை இந்தப் பெண் இரவல் வாங்கிக்கொள்கிறது.

இறக்கையை இரவல் வாங்கியது, உடம்பை வாங்கவில்லை. உண்மையான ரோசா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் தலையிலும் வயிற்றிலும் குங்குமச் சிவப்பு இருக்கும். கறிவேப்பிலை அழகிக்கு உடம்பு முழுக்கக் கறுப்பு. வயிற்றை மட்டும் பாருங்கள். முடிவு ஒரு நொடியில் வந்துவிடும். பறப்பும் உதவும்: நஞ்சுள்ளவை அவசரமில்லாமல் நேராகப் போகும், வேடக்காரி படபடத்து வளைந்து வளைந்து போவாள்.

முட்டையிடும்போது கவனியுங்கள். தளிரில் முன்கால்களை வைத்துத் தட்டிப் பார்ப்பாள். அந்தக் காலால் இலையின் சுவையை அறிகிறாள். சரியான இலையென்றால் இறக்கையை அடித்தபடியே வயிற்றை வளைத்து ஒரேயொரு முட்டை வைத்துவிட்டு அடுத்த கிளைக்குப் போவாள். வெளிர்மஞ்சள் உருண்டை, சுமார் ஒரு மில்லிமீற்றர். சில நாளில் வரும் புழு பறவை எச்சம்போலவே இருக்கும். கடைசிப் பருவத்தில் பச்சையாக மாறும். மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் சிவந்த கவைக்கொம்பை நீட்டி நாறும்.

அடுத்த சோடி வெந்தய வரியனும் டேனெய்ட் எக்ஃபிளை பெண்ணும். இரண்டும் செம்மஞ்சள், முன்னிறக்கை நுனி கறுப்பு, அதில் வெள்ளைப் பட்டை. பின்னிறக்கையின் நடுவைப் பாருங்கள். வெந்தய வரியனில் பெண்ணுக்கு மூன்று, ஆணுக்கு நான்கு கறுப்புப் புள்ளிகள். எக்ஃபிளையில் மேல்விளிம்போரம் ஒன்றே ஒன்று. கறுப்பு நரம்புக் கோடுகள் இறக்கை முழுக்க ஓடினால் இரண்டுமல்ல, கோமன் டைகர்.

போன் செயலிகளையும் இந்த இடத்தில் கண்மூடி நம்ப வேண்டாம். ஐநெச்சுரலிஸ்ட் நல்ல துணை. ஆனாலும் வேடக்காரி அதையும் ஏமாற்றலாம். செயலி பெயர் சொன்னதும் வயிற்றையும் புள்ளியையும் நீங்களே சரிபாருங்கள்.

படி 7: மழைக்கால உடுப்பு

ஒரே இனம் மழைக்காலத்தில் ஒரு தோற்றமும் வரட்சியில் வேறு தோற்றமும் எடுக்கும். மயில் வசீகரன் மழைக்காலத்தில் இறக்கையின் கீழ்ப்பக்கம் தெளிவான கண்புள்ளிகளோடு வரும். வரட்சிக் காலத்தில் அந்தக் கண்கள் மறைந்து, விளிம்பு கூராகி, காய்ந்த இலைபோல இருக்கும். பொழுதுபடும் நேரத்தில் தரையருகே பறக்கும் ஈவினிங் பிரவுனும் அப்படியே. புத்தகப் படம் வரட்சி உருவமாக இருந்தால் ஒக்டோபரில் நீங்கள் எடுத்த படம் அதனோடு பொருந்தாது. அதைப் புது இனம் என்று எழுதிவிடாதீர்கள்.

படி 8: பூவுக்கு வராதவற்றை அழைப்பது

ஈவினிங் பிரவுன், பரன் போன்றவை அழுகிய பழத்துக்கு வரும். நன்றாகக் கனிந்த கதலி வாழைப்பழம் இரண்டை நசித்து, ஒரு தேக்கரண்டி சீனி சேர்த்து, மூடி ஒருநாள் வைத்து, நிழலான இடத்தில் தட்டில் வையுங்கள். மழை படாத மூலையாகப் பாருங்கள். தண்ணீர் கலந்தால் மணம் போய்விடும். தட்டை இன்னொரு தண்ணீர்த் தட்டின் நடுவில் வைக்காவிட்டால் எறும்பு முந்திவிடும். இரண்டு நாளில் கொட்டிக் கழுவுங்கள். கீழ்த்தட்டுத் தண்ணீரையும் தினமும் மாற்றுங்கள், நுளம்பு முட்டையிடும்.

படி 9: எழுதிவைப்பது

திகதி, நேரம், இடம், வெயிலா முகிலா, எந்தச் செடி, என்ன செய்தது, எத்தனை. பெயர் உறுதியில்லை என்றால் குடும்பத்தை எழுதிக் கேள்விக்குறி போடுங்கள்.

சில வருடங்களில் இந்த மழைக்காலத்தில் எமிகிரன்ட்கள் கூட்டம் கூட்டமாக ஒரே திசையில் போகும். சிவனொளிபாதமலைக்குச் சிங்களத்தில் சமனல கந்த என்று பெயர். சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி. அவை அந்த மலைக்குத்தான் போகின்றன என்பது ஊர்ப்பேச்சு. கண்டால் எண்ணுங்கள். இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் அதைக் கடப்பவற்றை மட்டும் எண்ணி, போனின் திசைகாட்டியில் போகும் திசையைக் குறியுங்கள். திரும்பி வருபவற்றைத் தனியாக எண்ணிக் கழிக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி பத்து நிமிடம்.